சம்பந்திக்காகத் தேய்த்துக் கழுவிய சவ்வு

சாலவாக்கம் வழி,
உத்திரமேரூர் வட்டம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ஷாரோனுக்கு,

உன் பெரியப்பா அருள்தாஸ் அன்போடும் ஆசியோடும் எழுதுவது. சென்னையில் உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அது எவ்வளவு உண்மை என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் "மீட்டிங்ல இருக்கேன் பெரியப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். உன்னுடைய அந்த 'அப்புறம்' எந்த நாட்காட்டியிலும் வந்து நான் பார்த்ததில்லை. கடிதமென்றால் நீ மீட்டிங்கில் இருந்தாலும் தபால்காரர் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலில் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நிதானமாகக் கோபப்பட அதுதான் வசதி. எங்கள் தெரு போர்வெல் பக்கத்தில் நீ நிறுத்திவிட்டுப் போன இயந்திரத்தை, அதன் சவ்வு, குழாய், மோட்டார், நீல டிரம் எல்லாவற்றோடும் சேர்த்து, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடு. அதனால் என் மகளின் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வழியில்லாமல் போயிற்று. உன் பெரியம்மா தேவயானி மூன்று வேளையும் கஞ்சி மட்டும் காய்ச்சுகிறாள், அதையும் என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றுகிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். வகுப்புக்குப் பாதியில் வந்த பிள்ளைக்காகப் பாடத்தை முதலிலிருந்து சொல்லியே பழகியவன் நான். எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே போர்வெல். அதன் பின்னால் ஒரு காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிய கொட்டகை ஒன்று இருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள், ஈயம் போகவில்லை, மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் குடியேறிவிட்டது. இதைக் கண்டுபிடித்தவளே நீதான். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு பாட்டிலில் எங்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாய். அளவுக்கு மேல் ஈயம் இருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்காரியும் சின்னக் குழந்தைகளும் இதைத் தொடவே கூடாது, காய்ச்சினாலும் போகாது என்று சொன்னாய். அப்போதுதான் தாமலில் கட்டிக்கொடுத்த என் மகள், உன் அக்கா பரிமளா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்திருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு செய்தியும் தாமலுக்கும் போய்ச் சேர்ந்தன. அவள் மாமியார் சிட்டம்மாள் போன் செய்தாள்.

"தலைப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்கு அனுப்பறது மொறதான் சம்பந்தி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க தண்ணிக்கு அனுப்ப மாட்டேன். எங்க ஊர்ல கடலாட்டம் ஏரி கீது. அத்த வுட்டுட்டு பேட்டரித் தண்ணி குடிக்கறதுக்கு என் மருமவ இன்னா டார்ச் லைட்டா?"

அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலே. அப்போது நீ, "கவலப்படாதீங்க பெரியப்பா, எங்க மெம்பரேனை வெச்சி ஒரு சின்ன யூனிட் போட்டுத் தர்றேன்" என்றாய். மெம்பரேன் என்றால் சவ்வு என்றாய். சாதாரணச் சவ்வு இல்லை, மாற்றியமைத்த பாலிமர் சவ்வு என்றாய். எனக்கே முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் தெருவுக்கு நான் சொன்ன உதாரணம் இது. கல்யாண வீட்டு வாசலில் எப்போதும் ஒரு அத்தை உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டி உள்ளே போய்விடுவார்கள். ஆனால் சொந்தக்காரர் யாராவது கண்ணில் பட்டால் போதும், கையைப் பிடித்துக்கொள்வாள். பந்தி முடிந்தாலும் விடமாட்டாள். ஷாரோன் கொண்டுவந்த இந்த வெள்ளைத் தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அத்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரை உள்ளே விடுவார்கள், உப்பையும் விடுவார்கள், ஈயத்தின் கையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். எல்லா அத்தைக்கும் கை நிறைந்துவிட்டால் அடுத்து வரும் ஈயம் சுளுவாக உள்ளே போய்விடும். ஆகவே அவ்வப்போது எலுமிச்சை உப்புக் கரைசலில் தாளை ஊறவைத்தால் அத்தைகள் பிடியை விட்டுவிட்டு மறுபடி புதிதாக உட்காருவார்கள். சரியாகத்தானே சொன்னேன்? நீயே அன்றைக்குச் சிரித்துக்கொண்டு சரி என்றாய்.

தெரு சிரிக்கவில்லை. கேன் தண்ணீர் போடும் தமிழ்வாணன் முதல் நாளே ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, எல்லோரும் கேட்க, "இன்னா வாத்தியாரே, உப்பு அப்பிடியே கீது. மிஷினு இன்னாத்தப் புடிக்குது, பேயவா?" என்றான். உப்பை அது பிடிக்காதப்பா, ஈயத்தைத்தான் பிடிக்கும் என்றேன். "ஈயம் கண்ணுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "நாக்குக்கு?" அதற்கும் தெரியாது என்றேன். "அப்ப தெரியாத ஒண்ணு இருந்திச்சி, அத்த எடுத்துட்டேன்ற. அந்த வேலய நான் மிஷினே இல்லாம செய்வேனே" என்றான். அவனுக்கு வகுப்பெடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நீ மறுபடி தண்ணீரைச் சோதித்து ஈயம் அளவுக்குள் வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் தெரு அந்தக் குழாயில் குடம் வைத்தது. அதை நான் மறுக்கவில்லை. அப்போது நான் உன்னைப் பற்றிச் சர்ச்சில்கூடப் பெருமையாகப் பேசினேன். இப்போது அந்தப் பெருமையையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த நீல டிரம் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். சவ்வை ஊறவைத்த கரைசலை எங்கேயும் கொட்டக் கூடாது, இந்த டிரம்மில் சேர்த்து வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாய். சேர்த்து வைத்தோம். நீ வரவில்லை. தெருவில் குடம் குடமாகப் பரவி இருந்த ஈயம் முழுக்க இப்போது திரண்டு என் வீட்டு வாசலில், மூடி போட்ட டிரம்மில் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் உங்கள் விஞ்ஞானமா? ஈயம் ஒழியவில்லை அம்மா, மாற்றலாகி வந்திருக்கிறது. நானும் அரசாங்கத்தில் வேலை பார்த்தவன். ஒரு தொல்லையை வேறு ஊருக்கு மாற்றுவதற்கும் தீர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு அந்த டிரம்மைத் தண்ணீர் பிடிக்க இரவல் கேட்டு வந்தார்கள். நான் டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில், வேட்டி கட்டிக்கொண்டு.

இனி சிட்டம்மாள் வந்த நாள். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, வளையல் போட்டு அழைத்துவர நாள் பார்க்க வேண்டும் என்று தேவயானி துடித்துக்கொண்டிருந்தாள். சிட்டம்மாள், "நான் நேர்ல வந்து பாக்கறேன். என் எதுக்க தண்ணி புடிச்சி ஷாரோனுக்கு அனுப்புங்க. நல்லாருக்குன்னு அது சொல்லட்டும், மறுநாளே மருமவள அனுப்பறேன்" என்றாள். நியாயமான பேச்சு. வந்தாள், பரிமளாவையும் கூட்டிக்கொண்டு. வந்தவள் காரிலிருந்து முதலில் இறக்கியது என் மகளை இல்லை. ஒரு கேன் தண்ணீரை. அவர்கள் வீட்டுக் குழாயில் பிடித்தது, பரிமளா குடிக்க. அதை என் வீட்டு வாசலில், தெருவே பார்க்க இறக்கி வைத்தாள். ஷாரோன், மகள் தாய்வீட்டுக்கு வரும்போது பழம் கொண்டுவரலாம், பலகாரம் கொண்டுவரலாம். குடிதண்ணீர் கொண்டுவந்து பார்த்திருக்கிறாயா? பல்லைக் கடித்ததில் பின்பல் ஒன்று இன்னும் வலிக்கிறது.

வெயில் ஏறியதால் தேவயானி சம்பந்தியை நாஷ்டாவுக்கு உட்காரவைத்துவிட்டாள். நானும் பரிமாற உள்ளே போய்விட்டேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் எல்லம்மாள், நீ அனுப்பியிருந்த சோதனை பாட்டிலில் தண்ணீரை ரொப்பி, மூடி, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி போல இருந்தது. சிட்டம்மாளே அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பரவால்ல சம்பந்தி, நல்லாத்தான் கீது. எங்க வூட்டுத் தண்ணி கணக்கா கீது" என்றாள். அந்த அம்மாள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. நான் அன்றைக்கே பாட்டிலை உனக்கு அனுப்பிவிட்டு, தேவயானியை வளையல் வாங்கச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் நீ அறிக்கை அனுப்பினாய். ஈயம் அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு. சரி, இருந்தால் இருக்கிறது என்றுதானே சொல்ல வேண்டும், அதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. ஆனால் அதை எனக்கு மட்டும் அனுப்பியிருக்கக் கூடாதா? குடும்ப குரூப்பில் போட்டாய். அந்த குரூப்பில் சிட்டம்மாள் இருக்கிறாள், மருமகன் பாண்டியன் இருக்கிறான், அவர்கள் வகையில் நான் முகமே பார்க்காத ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஈயத்தை எந்த மூலக்கூறு எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்த உனக்கு, சம்பந்தி இருக்கும் குரூப்பில் எதைப் போடக் கூடாது என்று தெரியவில்லையா? நான் அதைப் படித்து முடிக்கும் முன்னால் சிட்டம்மாளின் குரல் வந்துவிட்டது, எல்லோரும் கேட்கும்படி.

"இதுக்குத்தான் சொன்னேன். கொழந்த பொறக்கறது எங்க வூட்லதான். தாய்வூட்டுக்காரங்க எப்ப வேணா வரட்டும், பாக்கட்டும், இருக்கட்டும். தண்ணி மட்டும் நாங்களே குடுத்துடறோம்."

அதற்குக் கீழே யாரோ கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான். தேவயானி வளையல் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

உன் அறிக்கையில் இன்னொரு வேடிக்கை. உப்பு முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது, இது எதிர்பாராதது, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆராய்ந்துகொள். பிடிக்க மாட்டேன் என்ற உப்பைப் பிடித்திருக்கிறது, பிடிப்பேன் என்ற ஈயத்தை விட்டிருக்கிறது. கணக்குப் பரீட்சைக்கு வரலாறு எழுதிவைத்துவிட்டுப் போகும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் பாலிமர் என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு மனசு ஆறவில்லை. எல்லம்மாளைக் கூப்பிட்டு, அந்தச் சவ்வை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"இன்னா செய்வாங்க, தேச்சேன்" என்றாள்.

"எதனால்?"

"புளியும் தேங்கா நாரும் வெச்சித்தான். சம்பந்தி அம்மா வர்ற அன்னிக்கு வெள்ளன எழுந்து, நட்ட கழட்டி, தாள எடுத்து நல்லா தேச்சேன். எப்பிடி இருந்திச்சி தெரியுமா சார், பழுப்பேறி, கறுத்து, அடுப்பாண்ட வெச்ச துணி கணக்கா. அந்தம்மா தொறந்து பாத்தா நம்ப தெருவப் பத்தி இன்னா நெனைக்கும்? தேச்சதும் வெள்ள வெளேர்னு ஆயிடுச்சி. எலுமிச்ச உப்புல ஊற வெச்சா ஒரு கறயும் போவறதில்ல, சும்மா ஷாரோன் பாப்பா சொல்லுதேன்னு செஞ்சிக்கினு இருந்தேன்."

"தேய்க்கக் கூடாது எல்லம்மா. அதன்மேல்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"உன் அத்தைங்கதான? தெரியும் சார். குளிப்பாட்டிதான் வுட்டேன்."

குளிப்பாட்டவில்லை, ஷாரோன், தேங்காய் நாரால் அத்தனை அத்தைகளையும் வழித்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். ஆனால் அவளை நான் எப்படித் திட்டுவது? எங்கள் தெருவில் விருந்தாளி வருகிறார் என்றால் கிணற்று உருளையைக்கூடத் தேய்ப்பார்கள். பளபளப்புதான் சுத்தம் என்று பிறந்ததிலிருந்து செம்புக் குடத்திடம் கற்றுக்கொண்ட கை அது. அந்தக் கையில் கொண்டுவந்து, தேய்த்தால் செத்துப்போகும் ஒரு தாளைக் கொடுத்தவள் நீ. தேய்க்கக் கூடாது என்று அதன்மேல் ஒட்டியிருக்கிறாய், சரி. இங்கிலீஷில் ஒட்டியிருக்கிறாய். எறும்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறாய். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன்கூடப் பாட்டிலில் ஒரு மண்டையோடு போட்டு அனுப்புகிறான். ஆராய்ச்சி செய்யும்போது ஆசிட் ஊற்றிப் பார்த்தோம், அழுத்தம் வைத்துப் பார்த்தோம் என்று பெருமை அடித்தாயே, ஒரு எல்லம்மாளை வைத்துப் பார்த்தாயா?

ஆகவே, மறுபடியும் சொல்கிறேன். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போ. டிரம்மையும் எடு. தமிழ்வாணனின் கேனே எங்களுக்குப் போதும். பரிமளா நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு நல்ல இடத்தில் இருக்கிறாள் என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். குழந்தை பிறந்ததும் மூன்றாம் மனிதரைப்போல ஒரு பை பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறோம்.

உன் அப்பா அம்மாவுக்கு என் அன்பு. உன் கண்ணாடியின் பவர் கூடிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். இரவில் அதிகம் விழித்திருக்காதே. கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதிப்பாராக, முதலில் உன்னை. வேலையைப் பற்றி அவரே யோசித்துச் செய்துகொள்ளட்டும்.

வருத்தத்துடனும் மாறாத அன்புடனும்,
பெரியப்பா,
அருள்தாஸ்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் முடித்ததும், "எல்லாம் சரி சார், நல்லா எழுதிக்கிற. ஆனா அந்த பாட்டில்ல போனது நம்ப தண்ணியே இல்லியே" என்றாள்.

என்ன சொல்கிறாய் என்றேன்.

"தாள மாட்டிட்டு கொழாயத் தொறந்தேன். புளித்தண்ணி செவப்பா வந்திச்சி, ரசம் கணக்கா. உள்ள அந்தம்மா இட்லி துன்னுக்கினு கீறாங்க. பட்டணத்துக்குப் போவுற தண்ணி, கலங்கலாவா அனுப்புவாங்க? பக்கத்துல அவங்க கேன் இருந்திச்சி. கண்ணாடியாட்டம் இருந்திச்சி. அதுலருந்து ரொப்பிட்டேன். தெரு மானம் சார்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீ இன்னா கேட்ட? சவ்வ இன்னா பண்ணேன்னு கேட்ட, சொன்னேன். பாட்டில இன்னா பண்ணேன்னு கேட்டியா?"

ஷாரோன், உன் அறிக்கையில் இருந்த ஈயம் சிட்டம்மாள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இருப்பது. உப்பு ஏன் குறைந்தது என்று நீ இனி ஆராய வேண்டியதில்லை. ஏரியில் குறையிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டுக் குழாயோ, தொட்டியோ, வேறு எதுவோ, நீ போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் ஏழு மாதமாகப் பரிமளா குடித்துக்கொண்டிருக்கிறாள், நல்ல தண்ணீர் என்று. கொஞ்ச நேரம் முன்புவரை எனக்குக் கோபம் இருந்தது. பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

உனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருக்கிறாய் போல. பரிமளாவிடம் மட்டும் போனில், "அந்தத் தண்ணியக் குடிக்காதம்மா, ஏன்னு கேக்காத" என்று சொல்லிவைத்தேன். "எந்தத் தண்ணிப்பா?" என்றாள். பக்கத்தில் மாமியார் பேசும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியதில் உன் பெயரையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. இயந்திரத்தை எடுக்காதே. எல்லம்மாள் தேய்த்த தாள் தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரியாது, புதுத் தாள் ஒன்று உடனே அனுப்பு. தேய்க்கக் கூடாது என்பதைத் தமிழில், உள்ளங்கை அகலத்துக்கு எழுது. அதுவரை தமிழ்வாணனிடம் கேன் போடச் சொல்லியிருக்கிறேன். அதிலும் ஒரு பாட்டில் உனக்கு வரும், நான் இனி எந்தத் தண்ணீரையும் முகத்தைப் பார்த்து நம்புவதாக இல்லை. டிரம்மை மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போ. அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அறிக்கையைப் பற்றிய இந்த உண்மையைத் தயவுசெய்து குரூப்பில் போட்டுவிடாதே.

நாங்கள் தாமலுக்குக் கிளம்பிவிட்டோம், இந்தக் கடைசி வரிகளைப் பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன். இதைச் சிட்டம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாளும் அதையேதான் குடிக்கிறாள், என் மகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதைக் கேனில் சுமந்துகொண்டும் வந்தாள். எப்படி ஆரம்பித்தாலும் குத்திக்காட்டுவது போலவே வருகிறது. உன் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். "உங்க உதாரணமும் வேணாம். நானே சொல்லிக்கிறேன். கொழா சரியாவற வரைக்கும் மாமியாரும் மருமவளும் ரெண்டு பேருமே நம்ப வூட்டுக்கு வந்து இருங்க, பிரசவம் முடிச்சிட்டுப் போலாம், எடம் கீதுன்னு கூப்பிடப் போறேன்."

இரண்டு பேரும், ஷாரோன். பிரசவம் முடியும் வரை. சிட்டம்மாள் கண்டிப்பாக வந்துவிடுவாள், மருமகள்மேல் அவ்வளவு பிரியம். தாளைத் தபாலில் போடாதே, நீயே கையோடு கொண்டு வா.